ரீபில் செய்தால் கார்ட்ரிட்ஜ் செத்துப்போகுமா?

வாசகர் ஒருவர் எழுதியது:

"இங்க்ஜெட் பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் வீட்டிலேயே மை நிரப்பினால் ஒரு தடவைதான் ஓடும், அடுத்த தடவை ஹெட் (தாளில் மையைத் தெளிக்கும் பகுதி) போய்விடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கும் அதேதான் நடந்தது. கார்ட்ரிட்ஜில் மை நிறைய இருக்கிறது, பக்கமோ கோடு கோடாக வருகிறது. இது வீண் வேலை, புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்று முடிவு செய்துவிட்டேன். இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?"

மார்ச் 2, காலை

இருக்கிறேன். கார்ட்ரிட்ஜைக் கொல்வது ரீபில் கிடையாது. கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டி, காலியான பிறகும் நாலு பக்கம் எடுத்துப் பார்ப்பதுதான் கொல்கிறது. பழி மட்டும் பிறகு ஊற்றிய மையின் மேல் விழுகிறது.

காரணம் இது. ஹெட்டும் சேர்ந்தே வரும் கார்ட்ரிட்ஜில் ஒவ்வொரு நாசிலுக்குப் (மை வெளியேறும் நுண்துளை) பின்னாலும் ஒரு பொடி ஹீட்டர் உண்டு. அதில் ஓரிரு மைக்ரோ விநாடி மின்சாரம் பாய்ந்ததும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மைப்படலம் சுமார் 300 டிகிரிக்குப் போய்க் குமிழியாகிறது. குமிழி விரிந்து ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. வெளியேறும் துளி சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே வரும் புது மை ஹீட்டரைக் குளிர வைக்கிறது. ஆக, மைதான் அந்த ஹீட்டருக்குக் கூலன்ட். மை இல்லாத நேரத்தில் பிரிண்ட் கொடுத்தால் ஹீட்டர் காய்ந்த நிலையில் சுடுகிறது. கருகிய ஹீட்டரை எந்தத் தண்ணீரும் எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது.

எனவே எழுத்து முதல் தடவை வெளுக்கும்போதே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கும், இழுத்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெளுக்காவிட்டாலும், மை குறைவு என்ற எச்சரிக்கை வந்ததும் நிரப்பிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், என் கறுப்பு கார்ட்ரிட்ஜ் பல ரீபில் தாண்டி இன்றும் சுத்தமாக அடிக்கிறது.

இன்னொன்று: காலியான கார்ட்ரிட்ஜை "பிறகு பார்க்கலாம்" என்று வாரக்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே மையைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு காய்ந்துவிடும். காய்ந்த பஞ்சு மறுபடி சீராக நனையாது. அங்கங்கே காற்று சிக்கிக்கொள்ளும். மை நிறைய இருந்தும் கோடு கோடாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ச் 2, மதியம்

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கேட்காமலேயே எழுதிவிட்டேன். கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிறு உலோகத் தகடும், பக்கவாட்டில் தங்க நிறப் புள்ளிகள் வரிசையாக உள்ள பட்டையும் இருந்தால் ஹெட் அதிலேயே இருக்கிறது. ஹெச்பி 21, 22, 802, 803, கேனான் பிஜி-745, சிஎல்-746 எல்லாம் இந்த ரகம். நான் காலையில் எழுதியது இவற்றுக்கே பொருந்தும்.

அடியில் வெறும் துளையோ வால்வோ மட்டும் இருந்தால் அது மைத்தொட்டி. ஹெட் பிரிண்டருக்குள் நிரந்தரமாக இருக்கிறது. எப்சனும் பிரதரும் பெரும்பாலும் இப்படி. இந்த இரண்டு நிறுவனத்தின் ஹெட்டிலும் ஹீட்டரே இல்லை, மின்சாரம் கொடுத்தால் வளையும் படிகம்தான் மையைத் தள்ளுகிறது. பியெசோ என்பார்கள். அது கருகாது. ஆனால் தொட்டியைக் காலியாக விட்டால் குழாயில் காற்று புகுந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். போவது கார்ட்ரிட்ஜ் இல்லை, பிரிண்டர். அதைத் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 2, இரவு

நிரப்பும் முறை. இணையத்தில் எல்லாரும் சொல்வதுதான், ஆனால் எல்லாரும் அவசரமாகச் சொல்கிறார்கள்.

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மெதுவாக உரியுங்கள், கிழிக்காமல். அதன் கீழே துளைகளும், அவற்றிலிருந்து வளைந்து வளைந்து போகும் மெல்லிய பள்ளக் கோடுகளும் தெரியும். அந்தப் பள்ளம் அலங்காரம் இல்லை. மை குறையக் குறைய உள்ளே காற்று போகும் வழி அது. பலர் நிரப்பி முடித்ததும் மேலே செலோடேப்பை இறுக்கி ஒட்டி அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். பிறகு நாலு பக்கம் நன்றாக வரும், ஐந்தாவது பக்கம் வெளுக்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வரும், மறுபடி வெளுக்கும். இந்த அறிகுறி தெரிந்தால் ஹெட்டைச் சந்தேகப்படாமல் டேப்பை எடுங்கள். பழைய ஸ்டிக்கரையே திரும்ப ஒட்டுவது நல்லது.

மழுங்கிய முனையுள்ள நீள ஊசியும் சிரிஞ்சும் வேண்டும். சிரிஞ்சில் மையை எடுத்த பிறகு மேலே நிமிர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஊசியைப் பஞ்சுக்குள் முக்கால் ஆழம் வரை விடுங்கள், அடிவரை குத்தக் கூடாது. பஞ்சுக்குக் கீழே மெல்லிய உலோக வலை வடிகட்டியாக இருக்கிறது. அதைக் கிழித்தால் தூசி நேராக நாசிலுக்குப் போகும்.

பிறகு அழுத்துங்கள், மிக மிக மெதுவாக. 1 மி.லி. இறங்க கால் நிமிடமாவது ஆக வேண்டும். வேகமாகத் தள்ளினால் மை பஞ்சின் ஓரமாக வழிந்து போகும், நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். சிறிய கறுப்பு கார்ட்ரிட்ஜுக்கு 3 முதல் 5 மி.லி., மூவர்ண கார்ட்ரிட்ஜில் ஒவ்வொரு அறைக்கும் 2 மி.லி. அளவில் தொடங்கலாம். துளையில் மை எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். அப்போது அரை மி.லி. திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பஞ்சு மையைத் தனக்குள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நாசிலில் ஒழுகாமல் நிற்கிறது. விளிம்பு வரை நிரப்பினால் அந்தப் பிடி போய்விடும், பிரிண்டருக்குள் சொட்டும்.

கடைசியாக, பல மடிப்பாக மடித்து லேசாக ஈரப்படுத்திய டிஷ்யூவின் மேல் ஹெட்டை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். கறுப்பு என்றால் ஒரே அடர்த்தியான பட்டை விழ வேண்டும். மூவர்ணம் என்றால் மூன்று பட்டை தனித்தனியாக. அப்படி விழுந்தால் வேலை முடிந்தது. உடனே பிரிண்ட் கொடுக்காமல் ஹெட் கீழே பார்த்தபடி ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. காற்று மேலே ஏற அந்த நேரம் வேண்டும்.

பழைய செய்தித்தாளை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். மேசை விரிப்பு வெள்ளையாக இருந்தால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள், கார்ட்ரிட்ஜை அப்புறம் பார்க்கலாம்.

மார்ச் 3

"எந்த மையாக இருந்தால் என்ன, கறுப்பு கறுப்புதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை.

டை மை என்பது நீரில் முழுக்கக் கரைந்த சாயம். பிக்மெண்ட் மை என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய நிறத் துகள்கள். எழுத்துக்கான கறுப்பு கார்ட்ரிட்ஜுகள் பலவற்றில் பிக்மெண்ட்தான் இருக்கும். அது தாளின் மேலேயே நின்று எழுத்தைக் கூர்மையாகக் காட்டும், ஈரம் பட்டாலும் அதிகம் பரவாது. நிற கார்ட்ரிட்ஜுகளில் பெரும்பாலும் டை. அடித்த பக்கம் காய்ந்ததும் ஈர விரலை வைத்துப் பாருங்கள். கலைந்து பரவினால் டையாக இருக்கும்.

ஒன்றின் மிச்சத்தின் மேல் இன்னொன்றை ஊற்றினால் துகள்கள் திரளக்கூடும். நாசில் துளையின் விட்டம் சுமார் 20 மைக்ரான். தலைமுடி அதைவிடச் சில மடங்கு தடிமன். திரண்ட மை அந்த வழியாகப் போகாது. எனவே எந்த மாடலுக்கு என்று புட்டியில் தெளிவாகப் போட்டிருக்கிறதோ அந்த மையையே வாங்குங்கள். வாங்கிய பின் ஒரே தயாரிப்பையே தொடருங்கள்.

பேனா மையும் முத்திரை மையும் கூடவே கூடாது. பிரிண்டர் மையில் நீரோடு கிளைகால் வகைப் பொருள்களும் சேர்ந்திருக்கும். நாசில் வாயில் மை சட்டென்று காயாமல் காப்பது அதுதான். பேனா மைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, மூடாமல் வைத்த நிப் எப்படிக் காய்ந்து போகிறதோ அப்படியே நாசிலிலும் காயும்.

மார்ச் 4

அடைப்பு எடுப்பது பற்றி நிறையக் கேள்விகள். முதல் வாசகரின் "மை இருக்கிறது, கோடு கோடாக வருகிறது" என்பதும் இங்கேதான் வருகிறது.

எதையும் தொடுவதற்கு முன் நாசில் செக் தாள் (எந்த நாசில் வேலை செய்கிறது என்று காட்டப் பிரிண்டரே அடிக்கும் சோதனைப் பக்கம்) ஒன்றை எடுங்கள். ஒரு தடவை ஹெட் கிளீனிங் (பிரிண்டர் தானே ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளை) கொடுத்துவிட்டு இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடைய அனுபவத்தில் இந்த ஒப்பீடுதான் பாதி வைத்தியம்.

இடைவெளிகள் இரண்டு தாளிலும் அதே இடத்தில், அதே அகலத்தில் இருந்தால் அங்கே மை உறைந்திருக்கிறது, அல்லது ஹீட்டர் போய்விட்டது. இடைவெளிகள் இடம் மாறினால், ஒரு தாளில் இங்கே, மறு தாளில் அங்கே என்றால், காற்றுக் குமிழி அல்லது மை வந்து சேராத பிரச்சினை. அதற்குத் தண்ணீர் வைத்தியம் தேவையே இல்லை, கார்ட்ரிட்ஜை ஹெட் கீழாக இரவு முழுக்க வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாளின் மேல்பாதி நன்றாக வந்து கீழே போகப் போக வெளுத்தால் மையோ காற்றோ உள்ளே சரியாகப் போகவில்லை.

உறைந்த மைக்கு டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் கரைந்திருக்கும் உப்பு காயும்போது நாசிலில் படியும். கை பொறுக்கும் சூட்டில், தட்டையான மூடியில், 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, அதில் ஹெட்டை மட்டும் சில நிமிடம் நிற்க வையுங்கள். நீரில் மை இழையாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எடுத்து டிஷ்யூவில் ஒற்றுங்கள். பட்டை உடைந்து விழுந்தால் மறுபடி. கொதிநீர் வேண்டாம், ஹெட் தகடு பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. மணிக்கணக்கில் ஊற வைப்பதும் வேண்டாம், பஞ்சு தண்ணீரை உறிஞ்சி மை வெளிறிவிடும்.

தங்க நிறப் புள்ளிகளில் ஈரம் தங்கினால் பிரிண்டர் கார்ட்ரிட்ஜையே அடையாளம் காணாது. பஞ்சு உதிராத துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே உள்ளே போடுங்கள். பிரிண்டருக்குள் கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்திலும் அதே மாதிரி ஊசிமுனைகள் இருக்கின்றன, அங்கேயும் மைக்கறை படிந்திருக்கும். "கார்ட்ரிட்ஜ் பழுது" என்று வரும் செய்திகளில் ஒரு பங்கு இந்தக் கறையால்தான் வருகிறது.

மார்ச் 4, இரவு

ஆல்கஹால் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஐசோபுரொபைல் டை மையைக் கரைக்கும், தங்க நிறப் புள்ளிகளைத் துடைக்கவும் நல்லது. ஆனால் ஹெட்டின் மேல் அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. பிக்மெண்ட் மையில் ஆல்கஹால் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக்கூடும். உடைக்கப் போன அடைப்பை நாமே கட்டியதாகிவிடும். பசைக்கும் நல்லதில்லை.

பிக்மெண்டுக்கு அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் நன்றாக வேலை செய்கிறது. டிஷ்யூவில் சில சொட்டு விட்டு, அதன் மேல் ஹெட்டை ஒரு நிமிடம் வையுங்கள், பிறகு டிஸ்டில்டு வாட்டரில் ஒற்றி எடுங்கள். ஒரே எச்சரிக்கை: அதைப் பிளீச்சோடு சேர்க்க வேண்டாம், பக்கத்தில்கூட வேண்டாம். கலந்தால் நச்சு வாயு வரும்.

மார்ச் 5

மூவர்ண கார்ட்ரிட்ஜில் எந்தத் துளை எந்த நிறம் என்று படம் கேட்கிறார்கள். படம் தர மாட்டேன். மாடலுக்கு மாடல் இடம் மாறுகிறது, ஒரே நிறுவனத்திலேயே மாறுகிறது. பல் குத்தும் குச்சியை ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுங்கள், நுனியில் ஒட்டிய நிறமே பதில். ஒரே குச்சியை மூன்றுக்கும் பயன்படுத்த வேண்டாம், நிறத்துக்கு ஒன்று. ஊசியும் அப்படியே.

மஞ்சளில்தான் கவனம் வேண்டும். மெஜந்தாவில் (இளஞ்சிவப்பு சார்ந்த நிறம்) ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளில் ஒரு சொட்டு சியான் (நீலம் சார்ந்த நிறம்) விழுந்தால் அறை முழுக்கப் பச்சை. அதனால் மஞ்சளை முதலில் நிரப்பிவிட்டு மற்றதுக்குப் போகிறேன்.

அளவுக்கு மேல் நிரப்பினால் மை மேல்பக்கமாகப் பக்கத்து அறைக்கு வழிந்துவிடும். ஹெட் வழியாகவும் கலப்பு நடக்கும், நாசில்கள் அவ்வளவு நெருக்கம். கலந்துவிட்டதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டிஷ்யூவில் ஒற்றி ஒற்றி எடுங்கள், பட்டை சுத்த நிறத்துக்குத் திரும்பும் வரை. அப்புறம் அந்த நிறம் மட்டும் நிறைய வரும்படி ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். நாசில் வாயில் கலந்தது மட்டும் என்றால் போய்விடும். அறைக்குள்ளேயே கலந்திருந்தால் அந்த அறையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது மை விட வேண்டும்.

மார்ச் 6

"நிரப்பியும் காலி என்றே காட்டுகிறது."

காட்டும். பெரும்பாலான பிரிண்டர் மையைப் பார்ப்பதில்லை, எத்தனை துளி சுட்டது என்று எண்ணி வைத்திருக்கிறது. நீங்கள் ஊற்றியது அதற்குத் தெரியாது. பழைய கணக்குப்படி காலி என்கிறது. ஹெச்பியில் "பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ்" மாதிரிச் செய்திகளுக்கு ஓகே கொடுத்து மேலே போகலாம். கேனானில் பல மாடல்களில் இ13, இ16 என்று வந்தால் ஸ்டாப் பொத்தானை 5 விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜின் அளவு பார்ப்பதையே நிறுத்திவிடும். அதன் பிறகு காவல் உங்கள் பொறுப்பு. காலியாக ஓடுகிறதா என்று சொல்ல இனி யாரும் இல்லை, மார்ச் 2-இல் எழுதியதை நினைவில் வையுங்கள்.

மார்ச் 8

காவல் என்று எழுதினேன், எப்படி என்று எழுதவில்லை. எடை போடுங்கள். கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு போதும்.

புதுக் கார்ட்ரிட்ஜை உறை பிரித்ததும் எடை பார்த்து அதன் மேலேயே எழுதி வையுங்கள். முதல் தடவை எச்சரிக்கை வரும்போது மறுபடி எடை போட்டு அதையும் எழுதுங்கள். மையின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம், எனவே 1 கிராம் என்பது ஏறக்குறைய 1 மி.லி. இந்த இரண்டு எண்ணும் இருந்தால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. மேல் எண்ணுக்கு ஒன்றிரண்டு கிராம் குறைவாகவே நிறுத்துகிறேன். ஒழுகுவதும் கலப்பதும் நின்றுவிட்டது.

எச்சரிக்கை வந்தபோது எடுத்த எடையைக் கீழ்க் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போகும் கார்ட்ரிட்ஜில் பிரிண்ட் கொடுக்க வேண்டாம். இந்த இழையில் நான் எழுதியதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சேர்க்க வேண்டும்: பஞ்சு உள்ளவற்றுக்கு எழுதிய ஊசி முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஹெச்பி 45 மாதிரி பழைய பெரிய கறுப்புக் கார்ட்ரிட்ஜில் பஞ்சே இல்லை. 42 மி.லி. மை, ஸ்பிரிங் பிடித்த பைக்குள் இருக்கும். அதில் ஊசியை ஆழமாக விட்டால் பை கிழிந்துவிடும்.

மார்ச் 9

திசை மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மை நிரப்பும் சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த வரலாறு. 1977-இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டது. ஊசி நுனியிலிருந்து மை பீய்ச்சி அடித்தது. சூட்டாலேயே மையைத் தள்ள முடியும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பபுள் ஜெட். ஏறக்குறைய அதே காலத்தில் ஹெச்பியும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தது. 1984-இல் வந்த ஹெச்பியின் திங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் 12 நாசில். 1988-இல் வந்த டெஸ்க்ஜெட்டில் 50.

திங்க்ஜெட்டிலேயே ஹெட்டும் மையும் ஒன்றாக, தூக்கிப் போடும்படிதான் வந்தன. ஹெட் ஆயுள் குறைவு, அதனால் மையோடு சேர்த்தே மாற்றிவிடலாம் என்பது அந்தக் காலத்து நியாயம். இன்றைய ஹெட்டுகள் முதல் நிரப்பலைத் தாண்டி நன்றாகவே உழைக்கின்றன. 5 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துளி என்று வைத்துக்கொண்டால் 1 மி.லி. மையில் 20 கோடித் துளிகள். இவ்வளவு நுட்பமான ஒரு பொருளைச் சில மி.லி. மை தீர்ந்ததும் குப்பையில் போடுவது என்னால் முடியாது. கஞ்சத்தனம் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அது அந்த வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் மரியாதை.

மார்ச் 13

கார்ட்ரிட்ஜைப் பையில் கட்டிச் சுழற்றினால் காற்று போகும் என்று ஒருவர் எழுதியது சரிதான். ஹெட் வெளிப்பக்கம் பார்க்கும்படி டிஷ்யூவில் சுற்றி, இரண்டு உறைக்குள் போட்டு, கையை நீட்டி வேகமாகச் சில சுற்று. மை ஹெட் பக்கம் தள்ளப்படும், காற்று பின்னால் போகும். வெட்டவெளியில் செய்யுங்கள், சுவருக்கு அருகில் வேண்டாம்.

மேல் துளையில் சிரிஞ்சை வைத்துக் காற்றை அடித்துத் தள்ளச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூவர்ணத்தில் அது நிச்சயமாக நிறத்தைக் கலக்கும். இழுப்பது நல்லது: ஹெட்டைப் பொத்தும் ரப்பர் பிடிப்பானும் சிரிஞ்சும் சேர்ந்து விற்பது உண்டு, அதை வைத்து அரை மி.லி. மெதுவாக உறிஞ்சுங்கள்.

மார்ச் 14

"இது சட்டப்படி சரியா, உத்தரவாதம் போகுமா?"

உத்தரவாதம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. உங்கள் அட்டையைப் படியுங்கள். காப்புரிமை விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே 30 அன்று தெளிவாகச் சொன்னது. லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தன் டோனர் கார்ட்ரிட்ஜுகளைச் (லேசர் பிரிண்டரின் மைத்தூள் கார்ட்ரிட்ஜ்) சிலர் வாங்கி நிரப்பி விற்பதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தது. பொருளை விற்ற பிறகு அதன் மேல் காப்புரிமை பேச முடியாது என்பது தீர்ப்பு. அங்கே அது சட்டம். மற்ற நாட்டில் அந்தந்த நாட்டுச் சட்டம்.

சட்டம் தடுக்காததை மென்பொருள் தடுக்கப் பார்க்கும். 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் பல ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜுகளை ஏற்க மறுத்தன. பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரையும் (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) ஹெச்பி பிறகு கொடுத்தது. ஹெச்பியின் அசல் சிப் (கார்ட்ரிட்ஜைப் பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சில்லு) உள்ள, மறுபடி நிரப்பிய கார்ட்ரிட்ஜை இந்தத் தடை பாதிக்காது என்பதே ஹெச்பியின் நிலைப்பாடு. அதாவது உங்கள் பழைய கார்ட்ரிட்ஜை நீங்களே நிரப்புவது, வேறு ஆள் செய்த புதுக் கார்ட்ரிட்ஜை வாங்குவதைவிட இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

அப்புறம் 2022 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனானே சிப் இல்லாத டோனர் கார்ட்ரிட்ஜுகளை அனுப்பி, எச்சரிக்கையைத் தாண்டிப் போவது எப்படி என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்தது. சிப் இல்லாமலும் அச்சு அச்சாகத்தான் வந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மார்ச் 20

ஹெட் பிரிண்டருக்குள் இருக்கும் ரகம். தனியாக எழுதுகிறேன் என்று சொன்னது.

இதில் முதல் தவறான பழக்கம் ஹெட் கிளீனிங்கை வரிசையாக அடித்துக்கொண்டே போவது. ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சிப் பிரிண்டரின் அடியில் இருக்கும் வேஸ்ட் இங்க் பேடில் (கழிவு மையைக் குடிக்கும் பஞ்சு மெத்தை) கொட்டுகிறது. பேட் எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கிறது. எல்லை வந்ததும் அச்சிடுவதையே நிறுத்திவிடும். கேனானில் 5பி00 என்று வருவதும், எப்சனில் உள்ளுறுப்புகளின் ஆயுள் முடிந்தது என்று வருவதும் இதுதான். என் பழைய பிரிண்டர் ஒன்று அடைப்பால் போகவில்லை, அடைப்பு எடுக்கக் கொடுத்த கிளீனிங்குகளால் பேட் நிரம்பித்தான் நின்றது.

ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். முன்னேற்றம் இருந்தால் இன்னொன்று. இல்லையென்றால் அணைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஹெட் வாயில் உள்ள புது மையே உறைந்ததை ஊற வைத்து இளக்கும். இந்த ஓர் இரவுக் காத்திருப்பு பல கிளீனிங்குகளுக்குச் சமம்.

அதற்கும் அசையாவிட்டால் ஹெட் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஓரத்தில் ரப்பர் விளிம்போடு ஒரு சிறு தொட்டி, நடுவில் பஞ்சு. ஹெட்டை மூடி வைப்பதும் உறிஞ்சுவதும் அதுதான். விளிம்பில் கட்டி தட்டிய மை இருந்தால் காற்று புகும், உறிஞ்சல் நடக்காது. நீங்கள் கொடுத்த கிளீனிங் எதுவும் ஹெட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்து, தொட்டியில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

அணைப்பது என்றதும் ஒன்று: பிரிண்டரின் பொத்தானை அழுத்தியே அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலோ, சுவர் சுவிட்சைத் தட்டினாலோ, அச்சடித்துக்கொண்டிருக்கும் ஹெட் நடுவழியில் மூடியில்லாமல் நின்று காயும்.

மார்ச் 28

மைத்தொட்டி பிரிண்டரே வாங்கிவிட்டால் இந்தப் பாடு இல்லையே என்று கேட்டவருக்கு: நிறைய அடிப்பவர் என்றால் ஆம். எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் முதலில் கொண்டுவந்த ரகம் அது. ஊசி இல்லை, புட்டியைக் கவிழ்த்தால் போதும். பலரும் வெளியே குழாய் வைத்துத் தாங்களாகவே தொட்டி கட்டிக்கொண்டிருந்த காலம், நிறுவனமே அதைச் செய்து கொடுத்தது. ஆனால் மாதத்தில் சில பக்கம்தான் என்றால் ஹெட்டோடு வரும் கார்ட்ரிட்ஜே எனக்கு உசத்தி. காய்ந்து போனால் போவது கார்ட்ரிட்ஜ் மட்டும்.

எந்த ரகமானாலும் வாரத்துக்கு ஒரு பக்கம், எல்லா நிறமும் வரும்படி அடியுங்கள். அச்சிட ஒன்றும் இல்லையென்றால் நாசில் செக் தாளே போதும், மை மிகக் கொஞ்சம்தான் போகும்.

உறையில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு ஏன் வீட்டில் வருவதில்லை என்ற கேள்விக்கும் பதில் இதுவே. அது ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசத் தர முறைப்படி, நிறுத்தாமல் தொடர்ந்து அடித்து எடுத்த கணக்கு. நாம் எப்போதோ ஒரு பக்கம் அடிக்கிறோம், இடையில் கிளீனிங்குக்கு ஒரு பங்கு மை போய்விடுகிறது.

ஏப்ரல் 6

முதல் வாசகர் தன் நாசில் செக் தாள்களைக் காட்டினார். கறுப்பில் இடைவெளிகள் இடம் மாறுகின்றன. அப்படியென்றால் ஹெட் உயிரோடு இருக்கிறது, உள்ளே காற்று. ஸ்டிக்கரின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு, ஹெட் கீழாக ஓர் இரவு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மூவர்ணத்தில் மெஜந்தாவின் இடைவெளி இரண்டு தாளிலும் அதே இடத்தில், அதே அகலத்தில் இருக்கிறது. டிஷ்யூவில் மெஜந்தா பட்டை நன்றாக விழுகிறதா என்று கேட்டேன், விழுகிறது என்றார். மை தானாக இறங்குகிறது, ஹீட்டர் தள்ளவில்லை. தங்கப் புள்ளிகளை இன்னொரு தடவை துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே இடைவெளி என்றால் மெஜந்தா ஹீட்டர்கள் கருகிவிட்டன, அந்தக் கார்ட்ரிட்ஜை விட்டுவிடுங்கள், மேற்கொண்டு மை ஊற்ற வேண்டாம். புது மூவர்ணம் வந்ததும் உறை பிரித்த உடனே எடை.

ஏப்ரல் 8

கறுப்பு வந்துவிட்டதாம். டேப்தான்.